கறவை மாட்டின் மடிநோயும் மூலிகைத் தைலங்களும்

சென்னை ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை செல்லும் சாலையில் இன்று ஆலைகளும் கன்டெய்னர் லாரிகளும்தான் கண்ணில் படுகின்றன. இந்த வழியில் உள்ள காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியமர்த்தி உண்டாக்கிய ஊர். காலட்பேட்டை என்ற பெயரே நாளடைவில் காலடிப்பேட்டை ஆயிற்று. விளைநிலம் இல்லாத இந்த வட்டாரத்தில் மிஞ்சி நிற்கும் விவசாயத் தொழில் மாடு வளர்ப்பு ஒன்றுதான். வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒன்றிரண்டு கலப்பின மாடுகளைக் கட்டி, காலையும் மாலையும் கறந்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் வடசென்னையில் இன்றும் உண்டு.

இவர்களுக்கு மேய்ச்சல் நிலம் கிடையாது. வைக்கோல், தவிடு, புண்ணாக்கு எல்லாமே விலைக்கு வாங்க வேண்டியவை. இடம் குறுகல், தரையில் ஈரம் காய்வதில்லை. இப்படிப்பட்ட கொட்டகையில் முதலில் தலைகாட்டும் தொல்லை மடிநோய். மடியின் ஒரு பக்கம் வீங்கிச் சூடேறி, பால் திரிந்து கட்டி கட்டியாக வரும். கவனிக்காமல் விட்டால் அந்தக் காம்பு நிரந்தரமாக அடைபட்டுப் போகும். பின்பக்கத்து இரு காம்புகளில்தான் மொத்தப் பாலில் ஏறத்தாழ 60 சதவிகிதம் சுரக்கிறது. அவற்றில் ஒன்று போனால் குடும்ப வருமானத்தில் பெரிய ஓட்டை விழும்.

ஆகவே மடி வீங்கியவுடன் ஊசி போடுவதும், காம்புக்குள் மருந்துக் குழலைச் செலுத்துவதும் வழக்கமாகிவிட்டன. இவற்றில் இருப்பவை பெரும்பாலும் ஆண்டிபயாடிக் எனப்படும் கிருமிக்கொல்லி மருந்துகள். முன்பு இரண்டு ஊசியில் தணிந்த நோய் இப்போது மூன்று, நான்கு போட்டாலும் தணியாமல் நிற்பது உண்டு. இந்த நிலையில், ஓமம், கிராம்பு, துளசி, எலுமிச்சைப்புல் போன்றவற்றின் தைலங்கள் மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் கொல்லும் என்ற செய்தி மாடு வளர்ப்போர் காதுக்கும் எட்டியிருக்கிறது. இதில் எவ்வளவு உண்மை, கொட்டகையில் எந்த அளவுக்குப் பயன்படும் என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

மருந்துக்கு அடங்காத கிருமி

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே ஓர் எச்சரிக்கை விடுத்தார். மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் கிருமி சாகாது, மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்ளும் என்பதே அது. அப்படியே நடந்தது. பென்சிலினை எதிர்த்த ஸ்டெபிலோகாக்கஸ் கிருமிக்கு மாற்றாக 1959-ல் மெத்திசிலின் வந்தது. இரண்டே ஆண்டில், 1961-ல், அதையும் எதிர்க்கும் கிருமி இங்கிலாந்தில் காணப்பட்டது. மடிநோயை உண்டாக்கும் முக்கியக் கிருமிகளில் இந்த ஸ்டெபிலோகாக்கஸும் ஒன்று.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. மிக வலுவான மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 என்ற பொருளைச் சுரக்கும் கிருமிகள் பற்றி 2010-ல் லான்செட் மருத்துவ ஏட்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அதில் சென்னையிலிருந்து மட்டும் 44 கிருமி மாதிரிகள் இடம்பெற்றிருந்தன. இந்தத் திறன் ஒரு கிருமியிடமிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவக்கூடியது. 2012-ல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆண்டிபயாடிக் மருந்துகளை அளவோடு பயன்படுத்த வழிகாட்டும் 'சென்னைப் பிரகடன'த்தை உருவாக்கின.

இத்தகைய கிருமிகளுக்கு எதிராக டாக்டர்களிடம் எஞ்சியிருக்கும் கடைசி மருந்துகளில் ஒன்று கோலிஸ்டின். இதே மருந்து கோழி, பன்றித் தீவனங்களில் வளர்ச்சிக்காகக் கலக்கப்பட்டு வந்தது. 2015-ல் சீனாவில் பன்றிகளிடமும் நோயாளிகளிடமும் கோலிஸ்டினை எதிர்க்கும் கிருமிகள் கண்டறியப்பட்டன. உணவுக்காக வளர்க்கப்படும் கால்நடை, கோழி, மீன் ஆகியவற்றுக்குக் கோலிஸ்டின் தருவதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. கொட்டகையில் வீணாகும் மருந்து, நாளை ஆஸ்பத்திரியில் பலிக்காமல் போகும் என்பதே இதன் பொருள். மாட்டுக்கும் மாடு வளர்ப்பவர் பிள்ளைக்கும் கிருமி வேறு வேறு அல்ல.

தைலம் கிருமியை எப்படிக் கொல்கிறது?

இலை, விதை, மொட்டு ஆகியவற்றை நீராவியில் காய்ச்சி வடித்தால் நீரோடு சேர்ந்து வருவது வாசனைத் தைலம். ஓமத்தைக் காய்ச்சினால் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு தைலம் கிடைக்கும். அதன் முக்கியச் சரக்கு தைமால். நாட்டு மருந்துக் கடைகளில் ஓம உப்பு என்ற பெயரில் கிடைப்பது இதுவே. முதல் உலகப் போருக்கு முன் இந்திய ஓமம் ஜெர்மனிக்குக் கப்பலேறி, அங்கே தைமாலாக வடிக்கப்பட்டு உலகம் முழுவதும் கிருமிநாசினியாக விற்பனை ஆயிற்று. கிராம்புத் தைலத்தில் யூஜினால் என்ற பொருளும், எலுமிச்சைப்புல் தைலத்தில் சிட்ரால் என்ற பொருளும் மிகுதி. பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைப்பதும், வயிற்று உப்புசத்துக்கு ஓமம் கொடுப்பதும் நம் வீடுகளில் பழகிய வைத்தியங்களே.

கிருமியின் உடலைச் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று உண்டு. எண்ணெய்த் தன்மையுள்ள தைலம் இந்தச் சவ்வில் ஊறி அதைத் தளர்த்திவிடும். உள்ளிருக்கும் உப்புகளும் சத்துகளும் வெளியே கசிந்து கிருமி மடிகிறது. ஆண்டிபயாடிக் மருந்து பெரும்பாலும் ஒரே பூட்டுக்குச் செய்த சாவி போன்றது. கிருமி பூட்டை மாற்றிக்கொண்டால் சாவி உதவாது. தைலத்திலோ பல பொருள்கள் கலந்திருக்கின்றன. அவை பல இடங்களில் ஒரே சமயத்தில் தாக்குவதால், மருந்துக்கு அடங்காத ஸ்டெபிலோகாக்கஸ் கூட சோதனைச் சாலையில் இவற்றுக்கு மடிகிறது. இதுவரை சொன்னதெல்லாம் மெய்.

எல்லாக் கிருமியும் இப்படி மடிவதில்லை என்பதும் மெய். ஈ.கோலை போன்றவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வு கவசம் போல் இருப்பதால் தைலம் எளிதில் உள்ளே புகாது. சூடோமோனாஸ் என்ற கிருமி, உள்ளே புகுந்த தைலத்தை இறைத்து வெளியே தள்ளிவிடும். இதே இறைப்பு வேலையால்தான் அது ஆண்டிபயாடிக் மருந்துகளையும் வெளியேற்றுகிறது. ஆகவே, இயற்கைப் பொருள்தானே என்று தைலத்தை அரைகுறை அளவில் நாள்தோறும் தெளித்துவந்தால், பிளெமிங் சொன்ன அதே தவறு வேறு வழியில் நிகழக்கூடும்.

சோதனைக் குழாயும் மாட்டு மடியும்

சோதனைச் சாலையில் கிருமியைக் கொன்ற தைலம் மடிக்குள் அதே வேலையைச் செய்யுமா? இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். மடிக்குள் இருப்பது பால். பாலில் கொழுப்பும் புரதமும் உண்டு. தைலம் கிருமியின் சவ்வில் ஊறுவதற்கு முன் பாலின் கொழுப்பில் கரைந்து, தன் வேகத்தை இழந்துவிடும். அதை ஈடுகட்ட அளவைக் கூட்டினால் மடியின் உள்தசை வெந்துவிடும். ஓமத் தைலமும் கிராம்புத் தைலமும் நீர்க்காத நிலையில் தோலையே சுடக்கூடியவை. பாலிலும் தைல வாடை ஏறிவிடும். ஆகவே எந்தத் தைலத்தையும் காம்புத் துளை வழியாக உள்ளே செலுத்துவது கூடவே கூடாது.

வாய்வழியாகத் தாராளமாகக் கொடுப்பதும் ஆபத்தே. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் வைக்கோலையும் புல்லையும் சத்தாக மாற்றித் தருகின்றன. தைலத்துக்கு நல்லுயிர், தீயுயிர் என்ற வேறுபாடு தெரியாது. அளவு மீறினால் அசை போடுவது குறைந்து, தீனி எடுப்பது நின்று, பாலும் இறங்கிவிடும்.

கோழித் தீவனத்தில் நிலைமை சற்று வேறு. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆண்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய நாடுகள் 2006 ஜனவரி முதல் தேதியிலிருந்து அடியோடு நிறுத்தின. அதற்குப் பின் தைமால் முதலிய தைலப் பொருள்களைச் சிறு உறைகளுக்குள் அடக்கி, குடலில் போய்க் கரையுமாறு செய்த தீவனச் சேர்க்கைகள் சந்தைக்கு வந்தன. இவை அளவறிந்து ஆலையில் செய்யப்படுபவை. கடையில் வாங்கிய தைலத்தைத் தீவனத் தொட்டியில் ஊற்றுவது இதற்கு ஈடாகாது. மேலும், ஒரே செடியின் தைலத்திலும் மண், பருவம், காய்ச்சும் முறைக்கு ஏற்ப சரக்கின் அளவு மாறும். டர்பன்டைன் கலந்த போலித் தைலங்களும் விற்பனைக்கு வருவதுண்டு.

தஞ்சாவூரில் உருவான முறை

வடித்த தைலத்தை விட்டு, மூலிகையை அப்படியே அரைத்து மடியின் மேல் பூசும் முறை ஒன்று தமிழ்நாட்டில் உருவாகி, நாடு முழுவதும் பரவியிருக்கிறது. மாதவரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1989-ல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி, கிராமங்களில் வழங்கிவந்த கைமருந்துகளைத் திரட்டி ஒழுங்குபடுத்தினார். ஆனந்தில் உள்ள தேசிய பால்வள வளர்ச்சி வாரியம் மடிநோய்க்கான இம்முறையை ஏற்றுப் பால் உற்பத்தியாளர்களிடையே பரப்பிவருகிறது. செய்முறை வருமாறு:

சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றைச் சேர்த்து நன்கு அரைக்க வேண்டும். சுண்ணாம்பு பட்டவுடன் மஞ்சள் சிவந்து, விழுது செந்நிறமாகிவிடும். நோய் கண்ட காம்பில் தங்கிய பாலை முழுவதும் கறந்து வெளியேற்றி, மடியைக் கழுவித் துடைக்க வேண்டும். கைப்பிடி விழுதை 150 முதல் 200 மி.லி. தண்ணீரில் கரைத்து, மடி முழுவதும் படும்படி பூச வேண்டும். நாளொன்றுக்குப் பத்து முறை வீதம் ஐந்து நாள் பூசிவர வேண்டும். கூடவே, எலுமிச்சம்பழம் இரண்டை நறுக்கி, நாளைக்கு இரு வேளை வீதம் மூன்று நாள் தின்னக் கொடுக்க வேண்டும். பாலில் ரத்தம் கலந்து வந்தால் இரண்டு கைப்பிடி கறிவேப்பிலையை வெல்லத்தோடு அரைத்து, குணமாகும் வரை இரு வேளையும் கொடுக்கலாம்.

ஒரு நாளுக்குத் தேவையானதை அன்றன்றே அரைப்பது நல்லது. 'பத்து முறை' என்பதைச் சிலர் இரண்டு முறையாகச் சுருக்கிவிட்டு, மருந்து பலிக்கவில்லை என்று குறைப்படுகிறார்கள். வீக்கம் கண்ட முதல் நாளிலேயே தொடங்குவதும், விடாமல் பூசுவதுமே இம்முறையின் பலம். வீட்டிலேயே ஆள் இருக்கும் ஒன்றிரண்டு மாட்டுக் கொட்டகைக்கு இது கைகூடும் வேலைதான்.

டாக்டரை எப்போது அழைப்பது?

மாட்டுக்குக் காய்ச்சல் அடித்தாலும், தீனி எடுக்காமல் சோர்ந்து படுத்தாலும், மடி நீலம் பாரித்துச் சில்லிட்டாலும், பால் தண்ணீராகவோ சீழாகவோ வந்தாலும் விழுதை நம்பிக் காலம் கடத்தக்கூடாது. சில மணி நேரத் தாமதம் மாட்டின் உயிரையே பறிக்கலாம். இரண்டு நாள் பூசியும் வீக்கம் குறையாவிட்டாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். ஆண்டிபயாடிக் மருந்துக்கு உரிய வேளை இதுவே. அந்த வேளையில் அது பலிக்க வேண்டுமானால், மற்ற வேளைகளில் அதை வீணாக்காமல் இருந்திருக்க வேண்டும்.

ஊசி போடுவதற்கு முன் பால் மாதிரி எடுத்துச் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் சில பீய்ச்சலைத் தள்ளிவிட்டு, கொதிநீரில் சுத்தம் செய்த சிறு குப்பியில் பாலைப் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து உடனே கொண்டுசெல்ல வேண்டும். கிருமி எது, எந்த மருந்துக்கு அடங்கும் என்பது இதனால் தெரியும். வடசென்னை மாடு வளர்ப்போருக்கு மாதவரமும், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் எட்டாத தூரமல்ல. மருத்துவர் ஐந்து நாளைக்கு எழுதிய மருந்தை, வீக்கம் வடிந்ததென்று இரண்டாம் நாளே நிறுத்தக்கூடாது. மிஞ்சிய மருந்தை அடுத்த மாட்டுக்குப் போடவும் கூடாது.

ஊசி போட்ட மாட்டின் பால்

மருந்து உடலில் இருக்கும்வரை பாலிலும் இறங்கும். எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்பது மருந்துக்கு மருந்து மாறும். மருந்து உறையில் அச்சிட்டிருக்கும். பாலைக் காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று நினைப்பது தவறு. பெரும்பாலான ஆண்டிபயாடிக் மருந்துகள் கொதிக்கும் சூட்டைத் தாங்கக்கூடியவை. அத்தகைய பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாமல் போவதும் உண்டு. மருந்து மிச்சம் உறைக் கிருமியையும் தடுத்துவிடுவதே காரணம்.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 77-ல் ஆண்டிபயாடிக் அளவு மீறி இருந்தது. நூற்றுக்குச் சற்றே மேல் ஒன்று என்பதால் பயப்பட வேண்டியதில்லை, அலட்சியத்துக்கும் இடமில்லை. பால் நிலையத்துக்குப் போகும் பாலைச் சோதிக்க வசதி உண்டு. தெருவில் வீட்டுக்கு வீடு ஊற்றும் பாலைச் சோதிப்பவர் யாருமில்லை. அங்கே கறப்பவரின் நேர்மைதான் பரிசோதனை. நாளொன்றுக்கு 8 லிட்டர் கறக்கும் மாட்டின் பாலை நான்கு நாள் கொட்டினால் 32 லிட்டர் நஷ்டம். ஊசிக்குப் போகாமலே நோயைத் தடுப்பதில் உள்ள லாபம் இந்தக் கணக்கிலேயே தெரியும். மூலிகை மட்டும் பூசினாலும், நோய் கண்ட காம்பின் பால் மனிதர் குடிக்க உதவாது.

வருமுன் காக்க

வெளியே தெரியாத மடிநோய்தான் அதிக நஷ்டம் தருவது. வீக்கமோ வலியோ இராது. பால் மட்டும் மெல்லக் குறையும். இதை வீட்டிலேயே கண்டறியலாம். 100 மி.லி. தண்ணீரில் 3 கிராம் சலவைத்தூளைக் கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் பிடித்து, அதே அளவு கரைசலைச் சேர்த்து ஒரு நிமிடம் சுழற்ற வேண்டும். கஞ்சி போல் கெட்டிப்பட்டால் அந்தக் காம்பில் நோய் உண்டு என்று அறியலாம். வாரம் ஒருமுறை இப்படிச் செய்வதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

கறக்கும் முன் கையையும் மடியையும் கழுவி, மாட்டுக்கொன்றாகத் தனித் துணியால் துடைக்க வேண்டும். முதல் பீய்ச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்தால் திரிதிரியாக இருப்பது தெரியும். நல்ல மாட்டை முதலிலும் நோய் கண்ட மாட்டைக் கடைசியிலும் கறக்க வேண்டும். கறந்தவுடன் காம்புத் துளை சுமார் அரை மணி நேரம் திறந்தே இருக்கும். அப்போது மாடு ஈரத் தரையில் படுத்தால் கிருமி நேரே உள்ளே புகும். ஆகவே கறந்ததும் காம்பு நுனிகளைக் கிருமிநாசினிக் கரைசலில் நனைத்து, தீவனம் போட்டு மாட்டை நிற்க வைக்க வேண்டும்.

வாசனைத் தைலத்துக்கும் கொட்டகையில் ஓர் இடம் உண்டு. எலுமிச்சைப்புல் தைலம் கலந்த தரை கழுவிகளின் வாடைக்கு ஈ அண்டாது. தைலம் ஆவியாகிவிடுவதால் இந்தப் பலன் சில மணி நேரமே நிற்கும். சாணத்தை அள்ளாமல் தைலம் மட்டும் தெளித்துப் பயனில்லை.

முதலில் சுத்தம், அடுத்து உரிய நேரத்தில் மூலிகை, தேவைப்பட்டால் மருத்துவர் சொல்படி ஆண்டிபயாடிக் என்ற வரிசையை மாடு வளர்ப்போர் மனத்தில் கொள்ள வேண்டும். இந்த வரிசை மாறாமல் இருந்தால், கொட்டகையில் மாடும் நலமாக இருக்கும். பால் வாங்கும் வீட்டுக் குழந்தைக்கு ஒரு நாள் மருந்து தேவைப்படும்போது அந்த மருந்தும் கைகொடுக்கும்.